அஞ்சாம் வாய்க்கால் அக்கா

அக்காவின் படலைக்குப் பூட்டுக் கிடையாது. கயிறுதான். ஆனால் வெளியே போகும்போது அந்தக் கயிற்றை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக முடிந்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் படலைக்கு முன்னால் குந்தியிருந்து முடிச்சை விரலால் தடவிப் பார்த்து, "ஆரோ கை வைச்சிருக்கினம்" என்பார். அநேகமாக ஒருவரும் கை வைத்திருக்க மாட்டார்கள். ஆடு கடித்திருக்கும். ஆடுதான் அக்கா என்று சொன்னால், "ஆரின்ரை ஆடு?" என்று அடுத்த கேள்வி வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கலியாணம் முடித்த கையோடு நான் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தபோது, எங்கள் காணிக்கு அடுத்த காணி அவருடையது. குளத்திலிருந்து பிரிகிற வாய்க்கால்களின் இலக்கந்தான் அங்கே ஊர்ப்பெயர். நாங்கள் அஞ்சாம் வாய்க்கால். எல்லாரும் யாழ்ப்பாணத்தின் வெவ்வேறு ஊர்களில் பிறந்து, அரசாங்கம் தந்த காணியில் வந்து குந்தியவர்கள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழும்போது ஆளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அக்காவிடம் மற்றவர்களுடைய பங்கும் சேர்ந்து இருந்தது.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு. கதைக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு கண்ணால் பார்ப்பார், கோழி பார்க்கிற மாதிரி. பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அக்கா எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். சில நேரம் கேட்டு முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுவார்.

ஒருமுறை கார்த்திகை மாதம் மழை பருவத்துக்குச் சரியாகப் பிடித்து, வேண்டிய அளவுக்குப் பெய்து, குளம் நிரம்பியதும் நின்றது. ஊரே மகிழ்ந்திருந்தது. அக்கா வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "வடிவாத்தான் பெய்திருக்கு. ஏனெண்டுதான் விளங்கேல்லை."

நாங்கள் சிரிப்போம். ஆனால் முழுதாகச் சிரித்துவிட முடியாதபடி அவர் ஒரு காரியம் செய்திருந்தார். எங்கள் வாய்க்காலில் ஒரு பெட்டைக்குக் கொக்கிளாய்ப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, நல்ல நிறம், ஒன்றும் கேட்கவும் இல்லை. வீட்டார் கோயிலுக்குப் பொங்கிவிட்டார்கள். அக்கா மட்டும், "இவ்வளவு நல்ல மாப்பிளை ஏன் இவ்வளவு தூரம் வரவேணும்? அங்கை பெட்டையள் இல்லையோ?" என்று கேட்டார். அவரே பஸ் ஏறிப் போனார். அங்கே பாய் விற்கிறவரைப்போல் வீடு வீடாகப் போய், கடைசியில் அந்த மாப்பிள்ளையின் மனைவியிடமே ஒரு பாயை விற்றுவிட்டு வந்தார். அவளுடைய இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் இருந்ததாம்.

அதன் பிறகு ஊரார் எந்தக் காரியத்துக்கும் முன்னால் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

சந்தேகம் தவறிப்போன கதையும் உண்டு. முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் கருவாடு கொண்டுவருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஒருநாள் அவருடைய கருவாடு கொஞ்சம் ஈரமாக இருந்தது. அக்கா அதை மணந்து பார்த்து, எல்லாருக்கும் முன்னால், "நிறைக்காக நனைச்சுக் கொண்டந்திருக்கிறீர்" என்றார். அந்த மனிதர் சாக்கைக் கட்டினார். சைக்கிளைத் திருப்பினார். பிறகு எங்கள் வாய்க்கால் பக்கம் வரவே இல்லை. வழியில் வெள்ளம் பாய்ந்த இடத்தில் சைக்கிளோடு விழுந்திருக்கிறார் என்று பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் அதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்றார்.

மனிதர்களை இப்படிப் பார்த்தவர் தேனீயை அப்படிப் பார்க்கவில்லை. வீட்டுக் கூரையின் ஓரத்திலும் முற்றத்து வேம்பிலும் மண்பானைகளைக் கிடையாகக் கட்டி, வாயை ஓலைத்தட்டால் மூடி, தேனீ போய்வர ஒரு துளை விட்டிருந்தார். காட்டில் மரப்பொந்திலிருந்து கூட்டத்தைப் பிடித்து வந்து பானையில் குடிவைக்கிற வித்தை அவருக்குத் தெரியும். தேன் எடுக்கும்போது வெறுங்கையை உள்ளே விடுவார். நான் எட்ட நின்று கேட்பேன்.

"பயமில்லையோ அக்கா?"

"இதுகள் கொட்டுறதெண்டால் சொல்லிப்போட்டுத்தான் கொட்டும். சத்தம் மாறும். மனிசர் அப்பிடிச் சொல்லுவினமே?"

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மருந்து மெசின் வந்தது. முதுகில் மாட்டி, ஒரு கையால் அடித்துக்கொண்டே மறுகையால் தெளிக்கிற மெசின். அஞ்சாம் வாய்க்காலில் முதலாவது அதுதான். என் கணவர் தன்னுடைய மிளகாய்க்கும் அடிப்பார், கூப்பிடுகிறவர்களுக்கும் கூலிக்கு அடித்துக் கொடுப்பார். அவருடைய தகப்பனின் தோட்டத்தைப் புழு தின்று, வீட்டில் அடுப்பெரியாத நாட்களை அவர் சின்ன வயதில் கண்டவர். மருந்தடித்த மறுநாள் காலையில் புழுக்கள் கொத்துக்கொத்தாய் விழுந்து கிடப்பதைப் பார்க்கப் போகும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா அந்த மெசினைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன மருந்து?" என்றார்.

"பூச்சி மருந்து அக்கா. மனிசருக்கு ஒண்டும் செய்யாதாம், விவசாயக் கந்தோரிலை சொன்னவை."

"மனிசருக்குச் செய்யாதெண்டது மருந்துக்கு எப்பிடித் தெரியும்?"

கேள்வி குழப்பமாகத்தான் இருந்தது. என் கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு கோடைச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. ஆளுக்குக் கொஞ்ச நிலத்தில் மட்டும் நெல் விதைத்து, மிச்சத்தில் எள்ளும் பூசணியும் மிளகாயும் போட்டோம். எள்ளு பூத்து வாய்க்காலின் இருபுறமும் வெள்ளையாய்க் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு காலை அக்காவின் முற்றத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். வேம்பின் கீழ் குனிந்து நின்றார். நிலத்தில் தேனீக்கள் கறுப்பாய்க் குவிந்திருந்தன. சில இன்னும் வட்டமாய்ச் சுழன்று சுழன்று ஊர்ந்தன. பறக்கப் பார்த்துக் கவிழ்ந்தன. அக்கா ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண் பார்வை.

"உம்மட மனுசன் நேற்று எங்கை போனவர்?"

"மிளகாய்க்கு மருந்தடிக்கப் போனவர் அக்கா."

"என்ரை தேனீ தன்ரை மாட்டுக்குக் குத்திப்போட்டுதெண்டு போன கிழமை சங்கக்கடையிலை சொன்னவராம். சொன்னவரோ, இல்லையோ?"

சொல்லியிருந்தார். என்னிடமும் சொல்லியிருந்தார். நான் பதில் சொல்லாமல் நின்றதே அக்காவுக்குப் போதுமாய் இருந்தது. எங்கள் இரண்டு காணிக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நெருப்புக் கேட்கவும் உப்புக் கேட்கவும் நாங்கள் நுழைந்து போகிற வழி. அன்று மத்தியானத்துக்குள் அதை முள்ளு வைத்து அடைத்துவிட்டார்.

அக்கா ஒருவரைச் சந்தேகித்தால் அது அவரோடு நின்றுவிடாது. தும்மல் போலப் பக்கத்திலிருப்பவருக்கும் வந்துவிடும். நான் என் கணவரின் சட்டையை மணந்து பார்க்கத் தொடங்கினேன். மருந்துத் தகரத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தேன். இரவில் மாட்டின் சத்தம் கேட்டு அவர் எழும்பினால் நானும் விழித்திருந்து காது கொடுத்தேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"அக்காவின்ரை பானைக்கு ஏதும் செய்தனீங்களோ?"

சோற்றுக் கோப்பையில் கையை வைத்தபடி அவர் என்னைப் பார்த்தார். "உனக்கும் தொத்தீட்டுதோ?" என்று மட்டும் கேட்டார். மிச்சத்தைச் சாப்பிடவில்லை.

அந்த மாதமே பூசணிப் பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பி விழுந்தன. எங்களுடையது மட்டுமல்ல, வாய்க்கால் முழுவதும். பூக்கள் விரிந்திருந்தன. ஆனால் காலையில் போனால் பூவுக்குள் ஒன்றையும் காணோம். வெறும் மஞ்சள்தான். அதற்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விதை சரியில்லை என்றார்கள், கண்ணூறு என்றார்கள். அக்காதான் செய்வினை செய்துவிட்டார் என்றும் ஒரு கதை வந்தது.

ஒரு பின்னேரம் அக்கா தெருவால் சுற்றி எங்கள் படலைக்கு வந்தார். என் கணவர் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் உம்மை ஒருமாதிரி நினைச்சிட்டன். நீர் வேணுமெண்டு செய்யேல்லை."

"இப்ப எப்பிடி நம்பிக்கை வந்தது?"

"நம்பிக்கை ஒண்டும் வரேல்லை. காட்டுக்குள்ளை போய்ப் பாத்தனான். பாலை மரப் பொந்துக்குள்ளையும் செத்துக் கிடக்குது. என்னோட கோவமெண்டால் என்ரை பானையோட நிண்டிருக்கும். அந்த மரத்தோட ஆருக்கு என்ன கோவம்? மருந்துதான். பூ நிக்கேக்கை அடிக்கிற மருந்து."

அடுத்த சிறுபோகத்துக்கு முன்னால் கமக்காரர் கூட்டம் கூட்டுறவுச் சங்கக்கடை முன்றலில் நடந்தது. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானையார்தான் நடுவில் இருந்தார். பெண்கள் ஓரமாய் நிற்பது வழக்கம். அக்கா நடுவுக்கு வந்தார்.

"எள்ளும் பூசணியும் பூத்து நிக்குமட்டும் இந்த வாய்க்காலிலை ஒருத்தரும் மருந்தடிக்கக் கூடாது. அதை இண்டைக்கே தீர்க்க வேணும்."

சத்தம் கிளம்பியது. புழு வந்தால் உன்ரை தேனீ வந்து பொறுக்குமோ என்று ஒருவர் கேட்டார். வாய்க்கால் கடைசியில் காணி உள்ளவர் எழும்பி, "எனக்கு வாய் கனக்க இருக்கு அக்கா, எள்ளு இல்லாட்டில் என்னத்தைக் குடுக்கிறது?" என்றார். அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள். கடைசி வயல் என்பதால் தண்ணீரும் கடைசியாகத்தான் போய்ச் சேரும். பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது: "அவவுக்குத் தேன் விக்க வேணும். அதுக்கு நாங்கள் பட்டினி கிடக்க வேணும்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானுந்தான். அக்கா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார்.

"சரியான கேள்வி. நானெண்டாலும் அதைத்தான் கேட்டிருப்பன். என்னட்டை இப்ப ஒரு பானைதான் உயிரோட கிடக்குது. அதை மருந்தடிக்கிற ஆளின்ரை வளவிலை கொண்டுபோய்க் கட்டுறன். தேனும் அவைக்குத்தான். இனி எனக்கு இதிலை என்ன லாபம் எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் வட்டவிதானையார் ஒரு போகத்துக்குப் பார்ப்போம் என்றார். அஞ்சாம் வாய்க்காலில் மட்டும், பூ நிற்கும்வரை மட்டும். மீறினால் என்ன என்று யாரோ கேட்க, "மீறின ஆளின்ரை வயலுக்கு அந்தப் போகம் முடியுமட்டும் தண்ணியில்லை" என்றார். அதைச் சொல்லவைத்ததும் அக்காதான்.

மறுநாள் பானையோடு வந்து எங்கள் முற்றத்து முருங்கையில் கட்டினார். என் கணவர் அதற்குக் கிட்டப் போகவில்லை. "இது பொறி" என்றார் என்னிடம். "இஞ்சை செத்தால் பழி ஆருக்கு?" எனக்கும் அப்படித்தான் பட்டது. விருந்தாளியாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல் அந்தப் பானையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாள் போகப்போக, காலை வேலைக்குப் போகுமுன் என் கணவர் முருங்கையடியில் நின்று அந்தத் துளையைப் பார்ப்பதைக் கண்டேன். காலில் மஞ்சள் பொடியோடு அவை வந்து இறங்கும். ஒருநாள், "எள்ளுக்குத்தான் போகுதுகள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எள்ளு பூத்தது. புழுவும் வந்தது.

வாய்க்கால் கடைசிக்காரரின் எள்ளில்தான் முதலில் கண்டது. ஒரு பின்னேரம் அவர் வந்து என் கணவரிடம் மெசினைக் கேட்டார். கேட்டபோது என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

"தரேலாது அண்ணை. எல்லாரும் சேர்ந்து தீர்த்த விசயம்" என்றார் என் கணவர்.

"நீங்களே இப்பிடிச் சொன்னால் நான் எங்கை போறது?" என்றுவிட்டு அவர் போனார். அன்று என் கணவர் எதிலும் மனம் பிடிபடாமல் இருந்தார்.

இரண்டொரு நாளில் எங்கள் முருங்கையின் கீழும் நிலம் கறுத்துக் கிடந்தது. செத்த தேனீக்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயம். துக்கம் பிறகுதான் வந்தது. சனம் கூடிவிட்டது. மெசின் இருக்கிற வீடு இது. முன்பு மாட்டுக்காகக் கோபித்தவர் இவர். என் கணவரைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளி நின்றார்கள். வட்டவிதானையாரும் வந்தார். கூட்டத்தின் பின்னால் வாய்க்கால் கடைசிக்காரர் ஒரு பிள்ளையைத் தூக்கிவைத்தபடி நின்றார்.

அக்கா அத்தானோடு வந்தார். நிலத்தைப் பார்த்தார். பானையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கூட்டத்தை ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் ஓரிடத்தில் பார்வை நின்றது. பிறகு திரும்பி வட்டவிதானையாரிடம் சொன்னார்:

"அடிச்சது இவர்தான்."

கை அத்தானைக் காட்டியது.

"நீரோ அடிச்சனீர்?" என்று வட்டவிதானையார் கேட்டார். அத்தான் அக்காவைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

"மெசின் ஏது?"

"கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் தெரிஞ்ச ஆளிட்டை இரவல் வாங்கினவர். விடிய முதல் அடிச்சிருக்கிறார். எனக்கும் இப்பதான் தெரியும்" என்றார் அக்கா. "சொன்னபடி செய்யுங்கோ. ஊருக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு வேண்டாம்."

வட்டவிதானையாருக்கு மனமில்லை. விட்டுவிடுவோம், முதற்தடவைதானே என்றார். அக்கா விடவில்லை. தங்களுடைய வயல் வாசலில் பலகையை இறக்கி மண் போட்டு அடைக்கும்வரை வாய்க்கால் கரையில் நின்றார். அது நெல் கதிர் கட்டுகிற நேரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றிவர எல்லாம் பச்சையாய் நிற்க, நடுவில் அவர்களுடைய துண்டு மட்டும் வெளிறி, சுருண்டு, வைக்கோலாய்ப் போனது. அந்தப் போகம் அக்காவும் அத்தானும் எங்கள் வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு அஞ்சாம் வாய்க்காலில் பூ நிற்கும்போது ஒருவரும் மருந்தடிக்கவில்லை. தேனீமேல் வந்த அன்பு என்று சொல்ல மாட்டேன். சொந்த மனுசனையே காட்டிக்கொடுத்தவள் மற்றவர்களை விடுவாளா என்ற பயந்தான். அக்காவைக் கண்டால் சனம் குரலைத் தணித்தது. என்ன பொம்பிளை என்று சங்கக்கடையில் ஏசினார்கள். ஏசிக்கொண்டே கட்டுப்பட்டார்கள். மற்ற வாய்க்கால்காரர் வழக்கம்போல அடித்தார்கள், எங்களுக்குத்தான் பூசணி காய்த்தது. ஒரு வருடம் கழித்து எங்கள் முருங்கைப் பானையில் தானாகவே ஒரு கூட்டம் வந்து குடியேறியது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பலகை இறக்கிய மறுநாள் நான் புல்லு வெட்டப் போனபோது அக்காவின் எள்ளுக்குள் இறங்கிப் பார்த்தேன். இலைக்கு இலை புழு. கொழுத்து, பச்சையாய், ஒரு குறையுமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. மருந்தடித்த எள்ளு அப்படி இராது. அப்படியே வாய்க்கால் கரையால் நடந்து கடைசிக் காணிக்குப் போனேன். அங்கே எள்ளுக்குக் கீழே புழுக்கள் விழுந்து காய்ந்து கிடந்தன.

வந்து என் கணவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "ஆரும் கேட்டால் நீ அந்தப் பக்கம் போகேல்லை."

ஊரில் வேறு ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. குற்றவாளியைப் பெண்சாதியே பிடித்துத் தந்த பிறகு யார் போய்ப் புழுவைப் பார்க்கப் போகிறார்கள்? அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். சந்தேகம் எங்கே போய் நிற்கும் என்று அவரைவிட அறிந்தவர் யார்? கடைசிக் காணிக்குத் தண்ணீரை அடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கும் என்று நான் யோசித்தேன். அவரும் யோசித்திருப்பாரோ? இல்லை, விதியைச் சொன்னவளின் வீட்டிலேயே அது விழுந்தால்தான் ஊர் பயப்படும் என்று கணக்குப் போட்டாரோ? எது உண்மை என்று பல நாள் புரண்டு படுத்திருக்கிறேன். அத்தானிடம் கேட்டுப் பயனில்லை. எதைக் கேட்டாலும் ஓம் என்பார்.

அடுத்த காலபோகத்துக்கு மழை விழுந்ததும் வாய்க்கால் கடைசிக்காரர் தன் மாடுகளைக் கொண்டுவந்து அக்காவின் வயலை உழுதார். ஒருவரும் கூப்பிடவில்லை. கூலியும் பேசவில்லை. அக்கா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உழுது முடித்து அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விலகி நடந்தார்கள்.

அன்று நான் வரம்பால் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். சுற்றிவர ஒருவரும் இல்லை. மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அத்தான் உண்மையா மருந்தடிச்சவரோ?"

அக்கா எனக்குப் பின்னால் வாய்க்கால் கரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் எங்கள் வளவைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உம்மை ஆர் கேக்கச் சொல்லி அனுப்பினது?" என்றார்.